புதுப்பிப்பு: ரெண்டு வயசு மகனோட பி அன்ட் பி அறையில இருந்து வெளிய வந்தாச்சு (லண்டன்)

வீட்டுக்காரர் நோட்டீஸ் தந்து வெளிய வந்தபிறகு கவுன்சில் (உள்ளூராட்சி) எங்களை கிச்சன் இல்லாத பி அன்ட் பி (படுக்கையும் காலைச்சாப்பாடும் தாற சின்ன ஹோட்டல் மாதிரி) அறையில விட்டிருக்கு, சோசல் ஹவுசிங் (குறைஞ்ச வாடகைக்குத் தாற பொதுவீடு) கிடைக்கும்வரைக்கும் சின்னப்பிள்ளையோட இப்பிடியே இருக்கவேணுமோ எண்டு முந்திக் கேட்டனான். பதில் எழுதின எல்லாருக்கும் மனசார நன்றி.

சரிவந்தது அந்த 6 கிழமை விசயம் சொன்ன அக்கான்ர யோசனைதான். இங்கிலாந்தில பிள்ளையள் உள்ள குடும்பத்தை வேற இடமே இல்லாட்டித்தான் பி அன்ட் பியில விடலாம், அதுவும் 6 கிழமைக்கு மேல ஏலாது, 2003ம் ஆண்டு வந்த சட்ட ஆணையில இருக்கு. ஆனா கவுன்சிலின்ர சொந்த ஹாஸ்டல் எண்டால் இந்தக் கணக்கு செல்லாது, அதைக் கவனியுங்கோ. நான் போன்ல கெஞ்சுறதை விட்டிட்டு ஈமெயில்ல எழுதினன், ஹெல்த் விசிட்டரிட்ட (சின்னப்பிள்ளையளைப் பாக்கிற நர்ஸ்) கடிதம் வாங்கியும் இணைச்சன், ஒரு பதிலும் இல்லை. பிறகு ஷெல்டர் எண்ட வீட்டுப் பிரச்சினைக்கு உதவுற தொண்டு நிறுவனத்தின்ர ஹெல்ப்லைனுக்கு அடிச்சுக் கதைச்சு, லீகல் எய்ட்ல (அரசு காசு குடுக்கிற சட்ட உதவி) ஒரு சொலிசிட்டர் (வக்கீல்) பிடிச்சு அவர் கடிதம் போட்டாப்பிறகுதான் அசைஞ்சினம். இப்ப ஒரு பெட்ரூம் பிளாட், தனிக் கிச்சன், மகனுக்கு சுடச்சுட சோறு குடுக்கிறன், அது எவ்வளவு பெரிய விசயம் எண்டு அந்த அறையில இருந்தவைக்குத்தான் தெரியும்.

எதிர்பாராதது என்னெண்டால் பிளாட் வேற போரோவில (லண்டனுக்குள்ள வேற கவுன்சிலின்ர பகுதி), நர்சரி நல்ல தூரம். வேண்டாம் எண்டு சொல்லப்போனன், சொலிசிட்டர்தான் மறிச்சவர். மறுத்தா கவுன்சில் தன்ர கடமை முடிஞ்சுது எண்டு கைவிடலாமாம், மெயின் டூட்டி கடிதம் (எங்களுக்கு இடம் தாறது தங்கட கடமை எண்டு கவுன்சில் ஏற்ற கடிதம்) கையில இருந்தால் இடத்தை ஏற்றுக்கொண்டே, அது பொருத்தமில்லை எண்டு 21 நாளுக்குள்ள ரிவியூ (மறுபரிசீலனை) கேக்கலாம். கேட்டிருக்கிறன். இது தற்காலிக இடம்தான், நிரந்தர வீட்டுக்கு பழைய கவுன்சில் லிஸ்ட்லதான் இன்னும் இருக்கிறம், போரோ மாறினதால பேர் வெட்டுப்படாது எண்டு அவையிட்ட எழுத்தில வாங்கிட்டன், நீங்களும் வாங்குங்கோ.