விழித்திரைப் படத்தைக் கணினியே பார்த்து முடிவு சொல்லலாமா?

வைகைக்கரை:
ஒன்பது வருடமாகக் கண் முகாம்களில் விழித்திரைப் படம் எடுப்பதுதான் என் வேலை. முன்பெல்லாம் நான் எடுக்கிற படம் நகரத்து மருத்துவமனைக்குப் போகும். அங்கே ஒருவர் பார்த்து எழுதி அனுப்ப நாலைந்து நாள் ஆகும். அப்புறம் போன் செய்தால் பல பேர் எடுக்கவே மாட்டார்கள். இப்போது ஒரு நிமிடத்தில் கணினி சொல்லிவிடுகிறது. ஆள் நாற்காலியை விட்டு எழுவதற்குள், "விழித்திரையில் ரத்தக்கசிவு தெரிகிறது, இந்த வாரமே வந்துவிடுங்கள்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறது. சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பு ஆரம்பத்தில் வலிக்காது, பார்வையும் மங்காது. மங்கிய பிறகு வந்தால் லேசரோ ஊசியோ இருப்பதைக் காப்பாற்றத்தான் பெரும்பாலும் உதவும். நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்று 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொல்கிறது. வருடத்துக்கு ஒரு முறை இத்தனை கண்களையும் பார்க்க மருத்துவர்களுக்கு எங்கே போவது? எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதை வைக்க வேண்டும் என்கிறேன்.

தேனிப்பொண்ணு:
நான் எதிர்க்கிறேன் அண்ணா. காரணம் என் அப்பா. மூன்று வருடம் முன்பு ஒரு முகாமில் இதே மாதிரிக் கணினி வைத்துப் பார்த்தார்கள். "படம் தெளிவில்லை" என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, "ஒன்றும் தெரியவில்லையாம், கண்ணு நல்லா இருக்கு" என்றார். நாங்களும் நம்பிவிட்டோம். அவருக்குப் புரை முற்றியிருந்ததால்தான் படம் மங்கலாக வந்தது. புரைக்குப் பின்னால் விழித்திரை கெட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இன்று அவருக்கு இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். அந்த இடத்தில் ஒரு மருத்துவர் இருந்திருந்தால் டார்ச் அடித்ததுமே புரையைப் பார்த்திருப்பார்.

பொறியாளன்_நெல்லை:
உங்கள் அப்பாவுக்கு நடந்தது வேதனையானது சகோதரி. ஆனால் அது சீட்டு எழுதியவர்களின் தவறு, கணினியின் தவறு இல்லை. 2016இல் கூகுள் குழு வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 1,28,175 விழித்திரைப் படங்களைக் காட்டிப் பழக்கினார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. பாதிப்பை விட்டுவிடக் கூடாது என்று அமைத்துச் சோதித்தபோது, பாதிப்புள்ள 100 பேரில் 96, 97 பேரைச் சரியாகப் பிடித்தது. அமெரிக்காவில் 2018லேயே, மருத்துவர் படத்தைப் பார்க்காமல் கணினியே முடிவு சொல்லும் ஒரு கருவிக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். புரை அறுவைக்கு லென்ஸ் எட்டாத விலையில் இருந்தபோது, 1992இல் அரவிந்த், ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி மதுரையிலேயே லென்ஸ் செய்து விலையை இறக்கியது. பொறியியல் அப்படித்தான் ஏழைக்குப் போய்ச் சேரும்.

தேனிப்பொண்ணு:
லென்ஸை வைத்துவிட்டால் அது கண்ணுக்குள்ளேயே இருக்கும் சார். கணினி கொடுப்பது வெறும் தாள்தானே. அதற்கு மேல் ஆள் பஸ் ஏறிப் போனால்தான் சிகிச்சை.

நீங்கள் சொன்ன எண்கள் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த படங்களில் வந்தவை. அதே கூகுள் குழு தாய்லாந்தில் 11 சுகாதார நிலையங்களில் வைத்துப் பார்த்ததையும் படியுங்கள். 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தெளிவில்லை என்று கணினி தள்ளிவிட்டது. பல இடங்களில் படம் எடுக்க இருட்டறை கிடையாது. இணையமும் மெதுவாக இருந்தது. தள்ளப்பட்டவர்களை வேறொரு நாள் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் அதைவிட மேலா?

ஓய்வுபெற்ற_மருத்துவர்:
இரண்டு பக்கமும் ஒரு கணக்கை விட்டுவிட்டீர்கள். 2018இல் சென்னையில், செல்போனோடு இணைத்த கேமராவில் படம் எடுத்துக் கணினியிடம் கொடுத்த ஆய்வு வந்தது. பார்வையைப் பறிக்கும் அளவு பாதிப்பில் 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிட்டது. அருமை. ஆனால் பாதிப்பு இல்லாதவர்களில் சுமார் 20 சதவீதம் பேரையும் "இருக்கிறது" என்றது. முகாமுக்கு 100 பேர் வருகிறார்கள், 10 பேருக்கு நிஜமான பாதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 10 பேரோடு, ஒன்றுமில்லாத 18 பேரும் ஒரு நாள் கூலியை விட்டுப் பஸ் ஏறுவார்கள். அவர்கள் திரும்பி வந்து "சும்மா அலையவிட்டான்" என்று தெருவில் சொன்னால், அடுத்த வருடம் உண்மையான நோயாளியும் வரமாட்டார்.

இன்னொன்று. இந்தக் கணினிகளில் பல சர்க்கரைப் பாதிப்பை மட்டும் தேடும்படி பழக்கப்பட்டவை. "பாதிப்பு இல்லை" என்று சீட்டு வந்தால் ஜனங்கள் கண்ணில் எந்த நோயும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) சத்தமில்லாமல் உள்ளே இருக்கலாம்.

பொறியாளன்_நெல்லை:
சார், 18 பேர் வீணாக அலைவதும் ஒருவர் குருடாவதும் ஒன்றா? அந்த 10 பேரையும் பிடிக்க நான் 18 பேரின் பஸ் கட்டணத்தை அரசையே கொடுக்கச் சொல்வேன். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாசலுக்கு மாத்திரை கொண்டுபோகிற ஏற்பாடு இருக்கும்போது, கண்ணைப் பார்க்க மட்டும் ஏன் நகரத்துக்கு வரச் சொல்ல வேண்டும்?

ஓய்வுபெற்ற_மருத்துவர்:
ஒன்று இல்லைதான் தம்பி. வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. "இருக்கிறது" என்று கணினி சொன்ன படத்தை மட்டுமாவது அன்றைக்கே ஒரு மனிதக் கண் பார்க்கட்டும். 100 படத்துக்கு வேண்டிய மருத்துவர் நேரம் 28 படத்துக்கு வேண்டாமே.

வைகைக்கரை:
தங்கச்சி, உங்கள் அப்பா கதையைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பதில் எழுதத் தோன்றவில்லை. நானும் அந்த மாதிரிச் சீட்டு கொடுத்திருக்கிறேன். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு அரை மணி நேரம் உட்காரவைத்தால் மங்கலான படங்களில் ஒரு பகுதி தெளிந்துவிடும். புரைக்கு அது உதவாது. அதனால் "படம் தெளிவில்லை" என்ற சொல்லையே எடுத்துவிட வேண்டும். "கண்ணைப் பார்க்க முடியவில்லை, மருத்துவரிடம் கட்டாயம் போகவும்" என்று, பாதிப்பு இருப்பவருக்குக் கொடுக்கிற அதே சிவப்புச் சீட்டில் எழுத வேண்டும். எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் திங்கட்கிழமை இதைச் சொல்லப்போகிறேன். ஆனாலும் கணினியை எடுத்துவிட்டால் நான் மறுபடி நாலு நாள் கழித்துப் போன் செய்துகொண்டிருப்பேன். அதற்கு என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

தேனிப்பொண்ணு:
சிவப்புச் சீட்டுக்கு நன்றி அண்ணா, உண்மையாகவே. அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், நிறம் தெரிந்திருக்கும். ஆனால் சிவப்புச் சீட்டு வாங்கியவர் போனாரா இல்லையா என்று யார் போய்ப் பார்ப்பது? மாத்திரை கொண்டுவருகிற அம்மாவிடம் அந்தப் பெயர்ப் பட்டியல் இருக்குமா? அதற்கு ஒரு பதில் சொல்லுங்கள், அதுவரை நான் எதிர்ப்பக்கம்தான்.