பண்டார்தரா மின்மினி சீசனில் டென்ட்டில் தங்கிய அனுபவம்

மும்பையில் கிளாம்பிங் (கட்டில், கழிப்பறை வசதியோடு டென்ட்டில் தங்குவது) என்று பேச்செடுத்தாலே எல்லோரும் பாவ்னா ஏரியைத்தான் கைகாட்டுவார்கள். லோனாவ்லாவுக்குப் பக்கம், சுற்றிலும் லோஹகட், திகோனா கோட்டைகள், தண்ணீர் ஓரமாக வரிசையாக டென்ட். கல்லூரிப் பசங்களுக்கு அது சரி. ஆனால் சனிக்கிழமை ராத்திரி அங்கே ஸ்பீக்கர் அலறும், ஒரு டென்ட்டில் இருமினால் அடுத்த டென்ட்டில் கேட்கும். எங்கள் வீட்டில் முழங்கால் வலியோடு மாமியார், ஆறாவது படிக்கும் மகள். அதனால் இகத்புரிக்கு அந்தப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏரியோரமாக இருக்கும் பண்டார்தரா பக்கம் போனோம், அதுவும் மே கடைசியில், மின்மினிகளுக்காகவே. அடுத்த சீசனுக்குத் திட்டம் போடுகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

செம்பூரிலிருந்து ஏறக்குறைய 170 கி.மீ. 2025 ஜூனில் சம்ருத்தி விரைவுச்சாலையின் கடைசிப் பகுதி திறந்ததிலிருந்து, பிவண்டி தாண்டி ஆம்னேயில் ஏறினால் கசாரா மலைப்பாதையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு போக வேண்டியதில்லை, சுரங்கப்பாதை வழியாக நேரே இகத்புரி வந்துவிடும். அப்புறம் கோட்டியில் திரும்ப வேண்டும், அங்கிருந்து சாலை குறுகல். கார் இல்லாதவர்கள் ரயிலில் இகத்புரி இறங்கி ஜீப் பேசிக்கொள்ளலாம்.

டென்ட் பிடிப்பதுதான் பெரிய வேலை. படத்தில் எல்லா டென்ட்டும் ஒன்றுபோல்தான் இருக்கும், வெள்ளைத் துணி, மஞ்சள் விளக்கு, பின்னால் மலை. என்னைக் கேட்டால் டென்ட் எப்படி இருக்கிறது என்பதைவிட அது எங்கே நிற்கிறது என்று விசாரிப்பதுதான் முக்கியம். மேட்டில் தனியாக நின்றால் பருவமழைக்கு முன்னால் சாயங்காலத்தில் அடிக்கும் காற்றும் இடியும் நேராக அதன்மேல்தான். மரங்களுக்கு இந்தப் பக்கம், சரிவுக்குக் கீழே இருந்தால் அவ்வளவு பயமில்லை. பிளாஸ்டிக் ஷீட் போட்ட டோம் என்றால் மே மதியத்தில் உள்ளே உட்கார முடியாது, கித்தான் துணி எவ்வளவோ மேல். ஏரி தெரியும் டென்ட்டுக்குத் தனியாகக் காசு கேட்டார்கள், வேண்டாம் என்று விட்டோம். 1926-ல் கட்டி முடித்த வில்சன் அணையின் தண்ணீர்தான் அந்த ஏரி, கோடை முடிவதற்குள் பாசனத்துக்குத் திறந்துவிட்டுக் கரை வெகுதூரம் உள்வாங்கிக் கிடக்கும். காய்ந்த சேற்றைப் பார்க்க எதற்குக் கூடுதல் பணம்?

அத்தைக்காகக் கேட்டவை வேறு. கழிப்பறை டென்ட்டோடு சேர்ந்ததா, வெஸ்டர்னா, கார் நிற்கும் இடத்திலிருந்து எத்தனை படி, கட்டில் உயரம் எவ்வளவு. (தரையில் மெத்தை போட்டிருந்தால் அவர்கள் எழுந்திருக்கவே முடியாது.) ஒரு இடத்தில் இதையெல்லாம் கேட்டதும் பதிலுக்குப் படங்களையே திரும்பத் திரும்ப அனுப்பினார்கள், விட்டுவிட்டோம். இன்னொரு இடத்தில் நிர்வாகி தானே நடந்து வீடியோ எடுத்து, படிகளை எண்ணிக் காட்டினார். அங்கேயே அட்வான்ஸ் கட்டினோம்.

இனி மின்மினி. இருட்டிய பிறகு பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் எங்களை அழைத்துப் போக வந்தார். கையில் டார்ச், அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். மராத்திதான் பேசினார், மகள் பள்ளியில் படிப்பதால் அவள்தான் மொழிபெயர்ப்பு. முதல் வேலையாக எங்கள் கைப்பேசிகளை அணைக்கச் சொன்னார். அத்தைக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிவந்து பாதையிலேயே போட்டு, "ஆஜி (பாட்டி), நீங்கள் நடக்க வேண்டாம், இங்கேயே உட்காருங்கள்" என்றார். யாரும் புல்லில் இறங்கக் கூடாது என்றும் சொன்னார். பறந்து மின்னுவது பெரும்பாலும் ஆண் பூச்சிகள், பெண் பூச்சிகள் புல்லிலும் இலையிலும் உட்கார்ந்து பதில் ஒளி காட்டும், தெரியாமல் மிதித்தால் போச்சு.

பத்து நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழகப் பழக எதிரே ஒரு கடுக்காய் மரம், கீழ்க்கிளையில் ஆரம்பித்து உச்சி வரைக்கும் மின்னி, அணைந்து, திரும்ப மின்னியது. ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒரே தாளத்தில்! அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, அம்பாசமுத்திரத்துல வாய்க்கால் கரையில நாங்க பாத்ததுதான், ஆனா இவ்வளவு பாத்ததில்ல" என்றார்கள்.

அப்போது ஒரு கார் ஹெட்லைட்டோடு வந்து திரும்பியது. வெளிச்சம் பட்ட பக்கம் மரம் முழுக்க அணைந்தே போனது. பெரியவர் விடுவிடுவென்று போய்க் கண்ணாடியைத் தட்டி விளக்கை அணைக்கச் சொன்னார், சத்தம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை. ஆனாலும் மரம் பழைய தாளத்துக்கு வர நெடுநேரம் ஆயிற்று. மகள் ஏன் என்று கேட்டதற்கு அவர் பொறுமையாக விளக்கினார். இந்தப் பூச்சி புழுவாக மண்ணில் நத்தைகளைத் தின்று மாதக்கணக்கில் வளர்கிறது, சிறகு முளைத்தபின் கொஞ்ச நாள்தான் ஆயுசு, அதற்குள் ஜோடி சேர வேண்டும், நம் வெளிச்சம் அந்த நேரத்தைத் தின்கிறது. தயவுசெய்து மரத்துக்குப் பக்கம் வரை காரைக் கொண்டுபோகாதீர்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், எடுத்தாலும் ஒன்றும் விழாது.

காலையில் 1,646 மீட்டர் கல்சுபாய் மேகத்துக்குள் இருந்தது. மகாராஷ்டிரத்தில் அதைவிட உயரமான சிகரம் இல்லை. நாங்கள் ஏறவில்லை. கேழ்வரகு பாக்ரியும் (ரொட்டி) பிட்லாவும் (கடலைமாவுக் குழம்பு) சூடாகக் கொடுத்தார்கள், அத்தை கொண்டுவந்த மிளகாய்ப்பொடியைச் சமையல்காரம்மா கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

இன்னும் சில விஷயம். பணம் ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் இல்லாத இடத்தில் யுபிஐ ஓடாது. அங்கே இருக்கும் கல்சுபாய் ஹரிச்சந்திரகட் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் போக வனத்துறைக் கட்டணம் தனி. வார நாளில் போக முடிந்தால் கூட்டம் பாதிதான். மும்பையில் பருவமழை வழக்கமாக ஜூன் 11 வாக்கில் தொடங்கும், கனமழை பிடித்துவிட்டால் மின்மினி பார்ப்பது கஷ்டம், டென்ட்டும் ஒழுகலாம். ஆகவே ஜூன் முதல் வாரத்துக்கு மேல் தேதி குறிப்பவர்கள், மழையால் கேம்ப்பை மூடினால் அட்வான்ஸ் திரும்ப வருமா, வேறு தேதி தருவார்களா என்று முன்பே கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கிவிடுங்கள்.