காலியாக இல்லாத காலி வரிகள்

நான்: அண்ணா, ஒரு நூற்பட்டியல் கோப்பு வந்திருக்கிறது. வெறும் உரைக் கோப்புதான், ஆனால் 6 ஜிபி. 1950க்கு முந்தைய தமிழ் நூல்களின் பதிவுகள் மட்டும் வேண்டும்.

பெரியப்பா: நோட்பேடில் திறந்து தேடினால் வராதா?

அண்ணன்: திறந்தால்தானே தேடுவதற்கு, பெரியப்பா! இவ்வளவு பெரிய கோப்பை நோட்பேட் தாங்காது.

அண்ணன்: லெஸ் (less) கட்டளையால் திற, முழுவதையும் ஏற்றாமல் பக்கம் பக்கமாகக் காட்டும். ஒரு பதிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முதலில் சொல்.

நான்: தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, மொழி, ஒவ்வொன்றும் தனி வரி. சிலவற்றில் மூலமொழி, குறிப்பு என்றும் உண்டு. பிறகு ஒரு காலி வரி, அடுத்த நூல்.

சித்தி: வரி தேடும் கட்டளையான கிரெப்பில் (grep) 'மொழி: தமிழ்' என்று தேடினால் முடிந்தது. அலுவலகத்தில் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

அக்கா: கிரெப் அந்த ஒரு வரியைத்தான் தரும், சித்தி. மேலே மூன்று வரியும் சேர்த்துக் கொடு என்று கேட்கலாம். ஆனால் எல்லாப் பதிவும் ஒரே நீளம் இல்லையே. நீளமான பதிவில் தலை போகும், குட்டையான பதிவில் பக்கத்து நூலின் வால் வந்து சேரும்.

அண்ணன்: ஆக் (awk) என்ற உரை வடிகட்டும் மொழிதான் சரி. பதிவுகளை எங்கே பிரிப்பது என்று சொல்லும் ஆர்எஸ் (RS) மாறியை வெற்றுச் சரமாக வைத்தால் காலி வரி வரை உள்ளதெல்லாம் ஒரே பதிவு. படிக்கும், நிபந்தனை பார்க்கும், பொருந்தினால் எழுதும், மறந்துவிடும். 6 ஜிபி என்ன, 60 ஜிபி என்ன? எழுதும் பதிவுகளுக்கு இடையில் வருவதைச் சொல்லும் ஓஆர்எஸ் (ORS) மாறிக்கு இரண்டு வரிமுறிவு கொடு, இல்லாவிட்டால் பதிவுகள் ஒட்டிக்கொண்டு வரும்.

பெரியப்பா: புதிதாக வந்ததா?

அண்ணன்: 1977. பெல் ஆய்வகத்தில் அஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் எழுதியது.

பெரியப்பா: நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அது இன்னும் வேலை பார்க்கிறது.

அக்கா: முழுக் கோப்பிலும் ஓடவிடாதே. ஹெட் கட்டளையால் முதல் 500 வரியை எடுத்துச் சோதித்துப் பார்.

நான்: 500 வரியும் அப்படியே வெளியே வந்துவிட்டது. ஒன்றுகூட வடிகட்டப்படவில்லை.

அண்ணன்: அத்தனையும் ஒரே பதிவாகத் தெரிந்திருக்கிறது. கேட் (cat) கட்டளையைப் பெரிய ஏ (-A) சேர்த்து ஓடவிடு, மறைந்திருக்கும் எழுத்துகளும் தெரியும். தமிழெல்லாம் குப்பையாகத் தெரியும், வரி முடிவை மட்டும் பார்.

நான்: காலி வரியிலும் தொப்பிக் குறி (^), எம், பிறகு டாலர்.

அக்கா: விண்டோஸ் பாணிக் கோப்பு. வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது. காலி வரி காலியாகவே இல்லை. முழுக் கோப்பில் ஓடவிட்டிருந்தால் 6 ஜிபியும் ஒரே பதிவாக நினைவகத்துக்குள் புகப் பார்த்திருக்கும். டிஆர் (tr) கட்டளையால் அதை நீக்கி, குழாய் (|) வழியாக ஆக்குக்கு அனுப்பு.

அண்ணன்: விடையை மூலக் கோப்பின் பெயருக்கே திருப்பிவிடாதே. கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் முதல் வேலையாக அதைத் துடைத்துவிடும், பிறகுதான் கட்டளை தொடங்கும்.

நான்: இப்போது பதிவு பதிவாக வருகிறது. ஆனால் தமிழிலிருந்து மொழிபெயர்த்த ஆங்கில நூல்களும் கூடவே வருகின்றனவே?

அக்கா: 'மூலமொழி: தமிழ்' என்பதற்குள் 'மொழி: தமிழ்' இருக்கிறதே!

சித்தி: முன்னால் தொப்பிக் குறி போடு. வரியின் தொடக்கத்தில் மட்டும் பொருந்தும். இதாவது சரிதானே?

அண்ணன்: கிரெப்பில் சரி, சித்தி. ஆக்கில் தொப்பிக் குறி பதிவின் தொடக்கத்தைக் குறிக்கும். அங்கே தலைப்பு நிற்கிறது, அதனால் ஒன்றுமே சிக்காது. தொப்பிக்குப் பதிலாக, வரிமுறிவுக்கான பின்சாய்வுக் கோட்டையும் சிறிய n எழுத்தையும் (\n) போடு.

அண்ணன்: ஆண்டுக்குத் தேடல் வடிவம் எழுதி மல்லுக்கட்டாதே. 'ஆண்டு: ' என்ற இடத்தில் ஸ்ப்ளிட் (split) கொண்டு வெட்டினால் இரண்டாம் துண்டு எண்ணில் தொடங்கும். அதோடு 0 கூட்டினால் முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் ஆக் எடுத்துக்கொள்ளும். அது 1950ஐ விடச் சிறியதா என்று கேள். 0ஐ விடப் பெரியதா என்றும் கேள், இல்லாவிட்டால் ஆண்டே இல்லாத நூல்கள் எல்லாம் பழைய நூல்களாகி உள்ளே வந்துவிடும்.

நான்: வந்துவிட்டது. ஆனால் லெஸ்ஸில் கண்ணால் பார்த்த ஒரு 1936 பதிவைக் காணவில்லை. மொழி தமிழ்தான், எழுத்துப் பிழையும் இல்லை.

அக்கா: 'மொ' யூனிகோடில் இரண்டு விதமாக வரும். ஒகரக் குறி ஒரே குறியீடாக இருக்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக இருக்கலாம். திரையில் ஒன்றுபோல் தெரியும், பைட்டுகள் வேறு. யூனிகோடு வேலைகளுக்கான ஐசியு (ICU) தொகுப்பில் யூகான்வ் (uconv) என்ற கருவி உண்டு. பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றச் சொல்லி டிஆருக்கும் ஆக்குக்கும் நடுவில் வை. தேடும் சொல்லும் அதே வடிவில் இருக்க வேண்டும்.

பெரியப்பா: கொம்பும் காலும் மட்டும் புரிந்தது.

நான்: 1936 வந்துவிட்டது!

அண்ணன்: மொழி வரியே இல்லாத பதிவுகள் இருக்கின்றனவா என்று பார். இந்த வடிகட்டியில் அவை சத்தமில்லாமல் விழுந்துபோகும்.

நான்: நிறைய இருக்கின்றன. தனிக் கோப்பில் எடுத்து வைத்துவிட்டேன்.

சித்தி: அதை எனக்கு அனுப்பு. தலைப்பைப் பார்த்தே தமிழா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

அக்கா: தலைப்பில் தமிழ் எழுத்து இருக்கிறதா என்று ஆக்கே பார்த்துவிடும், சித்தி.

சித்தி: சமஸ்கிருதச் சுலோகங்களைத் தமிழ் எழுத்தில் அச்சடித்த நூல்களை அது என்ன செய்யும்?

அக்கா: சித்திக்கே அனுப்பிவிடு.