பெரிய அபர்ச்சர் ஜூமைத் தினமும் தூக்கிச் சுமப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். அபர்ச்சர் என்றால் லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளை; எஃப் எண் குறையக் குறைய துளை பெரிது. சிக்மா 18-35 மி.மீ. எஃப்/1.8 என்னிடம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. 2013-இல் அறிமுகமான லென்ஸ், நான் செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். அதுவரை கேமராவோடு வந்த கிட் லென்ஸ்தான். மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டுக்குள் ஜூம் செய்தால் எஃப்/5.6-இல் போய் நிற்கும். பாப்பா கொஞ்சம் அசைந்தாலும் படம் இழுபட்டுவிடும். 5.6-லிருந்து 1.8-க்கு வந்தால் வெளிச்சம் ஏறத்தாழ பத்து மடங்கு. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 6400 கேட்ட அதே சமையலறையில் இப்போது 640 போதும். அம்மா அப்பளம் பொரிக்கும்போது எடுத்த ஒரு படத்தில் எண்ணெய்ப் புகைகூட தெளிவாக விழுந்திருக்கிறது.

விடியும் முன் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போனேன். மல்லிகை மூட்டையைப் பிரித்துக் கொட்டும் கைகளை அந்த விளக்கு வெளிச்சத்திலேயே எடுக்க முடிந்தது. ஃபிளாஷ் அடித்திருந்தால் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

சொதப்பியதும் உண்டு. வளைகாப்பு வீட்டில் இரண்டு வரிசையாக நிற்கவைத்து, ஜூமை 35-இல் வைத்து, 1.8-லேயே அழுத்திவிட்டேன். மூன்று மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் ஆழம் (தெளிவாக விழும் பகுதி) ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல்தான் கிடைக்கும், அதுவும் முன்னும் பின்னுமாகச் சேர்த்து. பின்வரிசையே மங்கல். "எல்லார் மூஞ்சியும் தெரியுது, என் மூஞ்சிய மட்டும் ஏன்டா அழிச்ச?" என்று பெரியப்பா இன்னும் கேட்கிறார்.

அப்புறம் எடை. லென்ஸ் மட்டுமே 800 கிராமுக்கு மேல். முதல் மாதம் எங்கே போனாலும் கழுத்தில் தொங்கியது. இப்போது பாதி நாள் அலமாரியில்தான் இருக்கிறது.

—

அண்ணே, என் கதை தலைகீழ். 18-50 எஃப்/2.8 வைத்திருக்கிறேன், 290 கிராம்தான். ஆபீஸ் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் கிடக்கும். உங்களுடையதைவிட ஒரு ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி), இரவில் அது நன்றாகவே தெரியும். ஆனால் போன வாரம் மழையில் பேருந்துக்குக் காத்திருந்தபோது எதிர்க் கடைத் தாழ்வாரத்தில் ஒரு தாத்தா குடையைத் தைத்துக்கொண்டிருந்தார். கேமரா கையில் இருந்ததால்தானே அந்தப் படம் கிடைத்தது? 2025-இல் வந்த 17-40 எஃப்/1.8 அரைக் கிலோவுக்குச் சற்றுதான் மேல். ஆசைப்பட்டுவிடாதீர்கள், அது உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மட்டும், கண்ணாடி வைத்த உங்கள் டிஎஸ்எல்ஆரில் ஏறாது.

—

வீடியோக்காரன் பேசுகிறேன். 18-35-இல் எனக்குப் பிடித்தது, ஜூம் செய்தாலும் லென்ஸின் நீளம் மாறாது. கிம்பலில் (கேமராவை ஆடாமல் தாங்கும் கருவி) ஒருமுறை பேலன்ஸ் செய்தால் போதும். ஆனால் ஆட்டம் குறைக்கும் வசதி லென்ஸில் இல்லை. கிம்பல் இல்லாமல் கையில் பிடித்து நடந்தால், பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

வெயில்தான் பெரிய தலைவலி. வினாடிக்கு 25 ஃப்ரேமுக்கு ஷட்டரை 1/50 வினாடியில் வைப்பேன், நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் மின்னாது. அதே ஷட்டரோடு உச்சி வெயிலில் 1.8 வேண்டுமானால் ஏழு ஸ்டாப்புக்கு மேல் குறைக்க வேண்டும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இல்லாமல் தேரோட்டம் எடுக்கப் போய், தேரும் வானமும் ஒரே வெள்ளை. அடுத்த முறை மலிவாக ஒரு வேரியபிள் என்டி, அதாவது திருகி அளவை மாற்றும் ஃபில்டர், வாங்கினேன். அதை முழுக்கத் திருகினால் 18-இல் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி நிழல் விழுகிறது! இப்போது மாறாத அளவு என்டி இரண்டு வைத்து மாற்றி மாற்றிப் போடுகிறேன்.

—

தம்பி, 290 கிராம் என்று சொல்லி என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டீர்கள். ஆனால் நாளை பாப்பாவின் பள்ளி ஆண்டு விழா, மேடையில் மட்டும்தான் வெளிச்சம் இருக்கும். 18-35-ஐத்தான் எடுத்துப் போகிறேன். 35-க்கு மேல் எட்டாதே, முன்வரிசையில் இடம் பிடிக்க நான்கு மணிக்கே கிளம்ப வேண்டும்.