குளிர்காலப் புல்வெளிக் கணக்கெடுப்பு: வால் மட்டும் தெரிந்த பறவையை என்னவென்று எழுதுவது?

கண்மாய்க்கரை:

வணக்கம். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். இரண்டு வருடமாக அரிசோனாவில், டூசானில் இருக்கிறேன். ஊரில் இருந்தபோது பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காக எங்கள் கண்மாயில் மூன்று வருடம் எண்ணியிருக்கிறேன். முக்குளிப்பானும் நாமக்கோழியும் தண்ணீரில் கண்ணெதிரே மிதக்கும். கரையில் உட்கார்ந்து நிதானமாக எண்ணலாம்.

இங்கே ஜனவரியில் தன்னார்வலர்கள் நடத்தும் இரண்டு நாள் கணக்கெடுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். முதல் நாள் லாஸ் சியெனெகாஸ் புல்வெளி, மறுநாள் அதே நிலத்துக்குள் ஓடும் சியெனெகா ஓடை. இடம் பழகட்டும் என்று போன சனிக்கிழமை தனியாகப் போய்வந்தேன். முழங்கால் உயரப் புல், மேற்கே சாண்டா ரீட்டா மலை, செல்போனில் ஒரு கோடு கூட இல்லை. காலடியிலிருந்து பழுப்பாக ஒன்று கிளம்பும், கொஞ்ச தூரம் தாழப் பறந்து புல்லுக்குள் விழும். ஓடிப்போய்ப் பார்த்தால் அங்கே இருக்காது. மூன்று மணி நேரத்தில் இப்படி 31 பறவைகள். பெயர் சொல்ல முடிந்தது 7 மட்டும்.

இதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. மீதி 24ஐ என்ன செய்வது? புத்தகத்தைப் பார்த்து இதுவாகத்தான் இருக்கும் என்று எழுதினால் கணக்கு கெட்டுவிடும். எழுதாமல் விட்டால் அந்தப் பறவைகள் இல்லை என்றாகிவிடும். என்னைப் போன்ற ஆள் போவதே தப்பா?

சியரா விஸ்டா அக்கா:

தம்பி, கண்டிப்பா போங்க. நான் 9 குளிர்காலமா அந்தப் புல்லுல நடக்கிறேன். இன்னைக்கும் என் தாள்ல "சிட்டு, இனம் தெரியலை"ன்னு ஒரு வரி இல்லாம இருந்ததே இல்லை. அந்த 24ஐ அந்த வரியில போடுங்க. அதுவும் கணக்குதான். அந்தப் புல்லு எத்தனை பறவையைத் தாங்குதுன்னு அது சொல்லும்.

முதல் வருஷம் நான் செஞ்ச தப்பைச் சொல்றேன். பெயர்ட் ஸ்பாரோங்கிற அரிய சிட்டைப் பார்க்கணும்ங்கிற ஆசையில, பறந்து விழுந்த நாலு பறவைக்கு அந்தப் பேரையே எழுதிட்டேன். சாயங்காலம் தாளை வாங்கினவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நெஞ்சைப் பார்த்தீங்களா?" பார்க்கலை. நாலையும் அங்கேயே அடிச்சேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. ஏன்னா அந்தப் பறவை சாதாரண விஷயம் இல்லை. வடக்கே மொன்டானா, நார்த் டகோட்டா, கனடா புல்வெளியில குஞ்சு பொரிச்சு, குளிருக்கு இந்த எல்லைப்புறத்துக்கும் மெக்சிகோவோட சிவாவா பக்கத்துக்கும் வருது. அங்கேயும் புல்லை உழுது வயலாக்கிட்டாங்க, இங்கேயும் உழுறாங்க. 1970லேருந்து வட அமெரிக்காவுல 290 கோடிப் பறவை குறைஞ்சு போச்சுன்னு 2019ல ஒரு ஆய்வு வந்துச்சு. அதுல புல்வெளிப் பறவை மட்டும் 70 கோடிக்கு மேல, பாதிக்கும் கூடுதல். அந்த மாதிரி ஒரு பறவையை இல்லாத இடத்துல இருக்குன்னு எழுதினா, நாளைக்கு அந்தக் கணக்கை நம்பி யாராவது முடிவெடுப்பாங்க.

இப்போ அடையாளத்துக்கு வர்றேன். கிளம்பின உடனே வாலைப் பாருங்க. ரெண்டு ஓரத்துலயும் வெள்ளைக் கீற்று தெரிஞ்சா வெஸ்பர் ஸ்பாரோ. கிளம்பி, கொஞ்சம் தள்ளி வேலிக் கம்பியிலயோ புல்லு நுனியிலயோ உட்கார்ந்து உங்களைத் திரும்பிப் பார்த்தா பெரும்பாலும் சவானா ஸ்பாரோ. அதுக்கு நெஞ்செல்லாம் கோடு, கண்ணுக்கு முன்னால மஞ்சள். தாழப் பறந்து, விழுந்த இடத்துலேருந்து எலி மாதிரி ஓடிட்டா, அது கிராஸ்ஹாப்பர் ஸ்பாரோவா இருக்கலாம், பெயர்டா இருக்கலாம். பறக்கும்போது அந்த ரெண்டையும் யாரும் பிரிக்க முடியாது. அப்படிச் சொல்றவங்களை நான் நம்புறதில்லை. நெஞ்சு தெரியணும். கிராஸ்ஹாப்பருக்கு நெஞ்சு வெறுமையா, சந்தன நிறமா இருக்கும். பெயர்டுக்கு நெஞ்சுக்குக் குறுக்கே மெல்லிய கோடுகள் சரம் கட்டின மாதிரி, தலையில காவி பூசின மாதிரி நிறம்.

அதனால தனியா நடக்காதீங்க. மூணு பேர் பத்துப் பதினஞ்சு அடி இடைவெளியில வரிசையா நடக்கணும். பறவை விழுந்ததும் ஒருத்தர் அந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காம நிக்கணும், மத்த ரெண்டு பேரும் சுத்தி வரணும். ரெண்டு தடவை கிளப்பியும் தெரியலைன்னா விட்டுடுங்க. குளிர்ல அது சேத்து வச்ச தெம்பை நாம கரைக்கக் கூடாது.

ஸ்ப்ரேக் பிப்பிட்டுன்னு ஒண்ணு இருக்கு, நம்மூர் நெட்டைக்காலிக்குச் சொந்தம். அதை மட்டும் பறக்கிறதை வச்சே சொல்லிடலாம். "ஸ்க்வீட்"னு கத்திக்கிட்டே படிப்படியா மேல ஏறும், ரொம்ப உயரம் போய்ச் சுத்தும், அப்புறம் கல்லைப் போட்ட மாதிரி நேரா கீழ வரும். லாங்ஸ்பர்ங்கிற சிட்டு மாதிரிப் பறவைக் கூட்டத்தைப் புல்லுல தேடாதீங்க. மாட்டுக்குத் தண்ணி தேக்கின குட்டைக்கிட்ட அசையாம உட்காருங்க, குடிக்க வரும். வெள்ளை வால்ல கறுப்பு முக்கோணம் இருந்தா செஸ்ட்நட் காலர்டு லாங்ஸ்பர்.

இன்னொரு முக்கியமான விஷயம். அந்த இடம் மெக்சிகோ எல்லைக்கு ரொம்பப் பக்கம். திரும்பி வர்ற வழியில எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கும். விசாவுல இருக்கிறவங்க பாஸ்போர்ட்டையும் ஐ-94 தாளையும் (அமெரிக்காவுக்குள்ள வந்ததுக்கான பதிவு) கையில வச்சிருங்க. குளிர்காலம் காடை வேட்டைக் காலமும்கூட, ஆரஞ்சு நிற மேல்சட்டை போடுங்க. கிட்டத்தட்ட 1,400 மீட்டர் உயரம், விடியக்காலை தண்ணி உறையும், மத்தியானம் ஸ்வெட்டரைக் கழட்டிடுவீங்க. வழியில கேட்டு திறந்திருந்தா திறந்தபடி விடுங்க, மூடியிருந்தா மூடுங்க. அது மேய்ச்சல் நிலம்.

ஃபீனிக்ஸ்காரன்:

அக்கா புல்லைச் சொல்லிவிட்டார். ஓடைக்கு நான் சொல்கிறேன். அங்கே கண்ணைவிடக் காதுதான் வேலை செய்யும். காட்டன்வுட் மரங்கள் ஜனவரியில் இலையுதிர்ந்து நிற்கும், ஆனால் பள்ளத்துக்குள் வெயில் தாமதமாகத்தான் இறங்கும். விடிந்ததும் ஓர் ஒலியும் இல்லையே என்று பயப்படாதீர்கள். மர உச்சியில் வெயில் பட்டதும் சின்னப் பறவைகள் கூட்டமாக வரும்: கிங்லெட், டிட்மவுஸ், நட்ஹாட்ச், மஞ்சள் பிட்ட வார்ப்ளர் எல்லாம் கலந்து. கூட்டத்தை விட்டு நகராமல் நின்று எண்ணுங்கள்.

ஒரே திசையில் நடந்து, நீங்கள் கடந்து வந்த பறவைகளை மட்டும் எழுதுங்கள். முன்னால் பறந்துபோகிற கரும்பீபியை (பிளாக் ஃபீபி என்ற பறவை) மூன்று தடவை எழுதுவதுதான் ஓடையில் எல்லோரும் செய்யும் தவறு. திரும்பி வரும்போது எண்ணவே வேண்டாம். இந்தப் பக்கத்து சாங் ஸ்பாரோ வெளிறிய செம்பழுப்பாக இருக்கும், வேறு இனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

தண்ணீருக்குள் கால் வைக்காதீர்கள். அங்கே கீலா டாப்மின்னோ என்று சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன் இருக்கிறது, அழியும் இனப் பட்டியலில் உள்ளது. தவளைகளுக்குப் பூஞ்சை நோய் பரவாமல் இருக்க, வேறு ஓடையில் நனைந்த பூட்ஸைக் கழுவி, நன்றாகக் காயவைத்துக் கொண்டுவாருங்கள்.

உடுமலை:

படிக்கவே ஆசையாக இருக்கிறது. ஒரு சந்தேகம், அக்கா. ஒரு வருடம் பூஜ்யம் என்று வந்தால் அந்தப் பறவை அழிந்துவிட்டது என்று பொருளா?

சியரா விஸ்டா அக்கா:

இல்லைப்பா. இங்கே ஜூலையிலேருந்து செப்டம்பர் வரைக்கும் பெய்யிற மழையிலதான் புல்லு விதை கட்டும். மழை பொய்ச்ச வருஷம் விதை இருக்காது, சிட்டுங்க வேற பக்கம் போயிடும். நல்ல மழைக்கு அப்புறம் கால் வைக்கிற இடமெல்லாம் கிளம்பும். அதனாலதான் ஒரு வருஷக் கணக்கை வச்சு எதுவும் சொல்ல முடியாது, அதே கோட்டுல வருஷா வருஷம் நடக்கணும். பூஜ்யத்தையும் விடாம எழுதணும். காலையெல்லாம் நடந்துட்டு, ஒண்ணுமில்லைன்னு தாளைக் குடுக்காம வீட்டுக்குப் போனவங்களை நான் பார்த்திருக்கேன். மனசு கஷ்டமா இருக்கும். அந்தத் தாள்தான் வேணும்.

கண்மாய்க்கரை:

ஜனவரி முடிந்து எழுதுகிறேன். போய்வந்துவிட்டேன். மூன்று பேர் வரிசை. புல்வெளியில் சிட்டுகள் மொத்தம் 58: சவானா 19, வெஸ்பர் 14, கிராஸ்ஹாப்பர் 3, இனம் தெரியாதவை 22. அந்த 22ஐயும் கை நடுங்காமல் எழுதினேன். ஒரு பூனைப்பருந்து எங்களுக்கு முன்னால் தாழப் பறந்துபோனபோது சிட்டுகளெல்லாம் கிளம்பவே மறுத்தன, பத்து நிமிடம் அப்படியே நின்றோம்.

மத்தியானம் வண்டிக்குத் திரும்பும்போது "ஸ்க்வீட்" கேட்டது. மேலே ஏறியது, புள்ளியானது, சுற்றியது. என்னோடு வந்த முதியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார். பிறகு அது விழுந்தது, அக்கா சொன்னபடியே. ஸ்ப்ரேக் பிப்பிட் 1 என்று எழுதினேன்.

ஓடையில் கரும்பீபியை ஒரே தடவைதான் எழுதினேன், அண்ணா. அக்கா, பிப்ரவரிச் சுற்றில் உங்கள் வரிசையில் ஒரு ஆள் குறைகிறது என்றார்கள். நான் வரட்டுமா?