சந்தேகம்: மர டிப்போவில் கிடைத்த நீலச் சிலந்தி, கூட்டி டரான்டுலாவா?

ஓட்டைவீடு: புளியங்கட்டை அடுக்கில் பெரிய சிலந்தி, செத்துக் கிடக்கு. நல்ல நீலம். ஆந்திராவின் கூட்டி ஊர்ப் பெயரில் உள்ள நீல டரான்டுலா (பெரிய மயிர்ச்சிலந்தி), அதுதானே? படம் போட்டிருக்கேன். நாளைக்குக் காலையில் கட்டையை அறுக்கப் போறாங்க, சீக்கிரம் சொல்லுங்க.

எட்டுக்கால்: எந்த ஊர்? கட்டை எங்கிருந்து வந்த லோடு? கால் விரித்தால் எத்தனை சென்டிமீட்டர்? படத்தில் முதுகு மட்டும்தான் இருக்கு, அடிப்பக்கம் வேணும். செத்ததா, சட்டையா என்றும் பாருங்க. முதுகோடு மூடிபோல் கழன்று உள்ளே காலியாக இருந்தால் அது உரித்த சட்டை. உரித்த சிலந்தி உயிரோடு பக்கத்திலேயே இருக்கலாம்.

மூத்தகுடி: தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் வழக்கமே போய்விட்டது. ஃப்ளாஷ் அடித்தால் சாம்பல் நிற டரான்டுலா எல்லாமே நீலம்தான், தம்பி. கூட்டி டரான்டுலாவுக்கு, அதாவது பொசிலோதெரியா மெட்டாலிகாவுக்கு, 1899இல் விலங்கியலாளர் போகாக் பெயர் வைத்தது கூட்டியில் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்ததை வைத்து. மறுபடி கண்ணில் பட்டது 2001இல், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவில் உள்ள காட்டில். பெங்களூர்க்காரர் கையில் எல்லாம் கிடைக்காது.

குண்டக்கல்_ஜங்ஷன்: நீங்க சொன்னதே எனக்குச் சாதகம். கூட்டிக்கே அது மரத்தோடு ரயிலேறி வந்திருக்கும் என்றுதான் கருத்து. அன்றைக்கு ரயில், இன்றைக்கு லாரி. நான் கூட்டி என்றே சொல்வேன்.

மூத்தகுடி: படத்தில் டியூப்லைட் நிழல் விழுகிறது, அதைப் பாருங்க முதலில்.

ஓட்டைவீடு: பெங்களூர்தான், யஷ்வந்த்பூர் பக்கம். உள்ளே காலி. லோடு தெரியாது.

எட்டுக்கால்: அப்போ சட்டை. நல்லதாப் போச்சு, அடையாளத்துக்கு அது போதும். முதலில் உலர்ந்தபடியே ஒரு படம்: பகல் வெளிச்சம், ஃப்ளாஷ் வேண்டாம், பக்கத்தில் வெள்ளைத்தாளும் ஸ்கேலும். மெட்டாலிகாவின் நீலம் நிறமியால் வருவதல்ல. மயிரின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டு வருவது. காய்ந்த சட்டையிலும் அது நிற்கும். நனைத்தால் மயிர் ஒட்டி மங்கிவிடும், அதனால்தான் இந்த வரிசை.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே சொட்டு விட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்க. காய்ந்த காலைப் பிரித்தால் மூட்டில் ஒடியும். ஊறியதும் தெர்மக்கோலில் மல்லாத்தி, காலுக்கு இருபுறமும் குண்டூசி நட்டு நிறுத்துங்க, காலில் குத்தாதீங்க. வயிற்றுத்தோல் சுருண்டு கிடக்கும், மெல்லிய பிரஷ்ஷால் தண்ணீருக்குள்ளேயே விரிக்கணும். வெளியே எடுத்து விரித்தால் கிழியும்.

முன்னிரண்டு ஜோடிக் காலின் அடியில் மஞ்சளும் கறுப்பும் இருந்தால் பொசிலோதெரியா பேரினம் என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது மட்டும் இனத்தைச் சொல்லாது. அடிவயிற்றில் வெளிர் பட்டை குறுக்கே ஓடினால் ரெகாலிஸ், அதே பேரினத்தின் இன்னொரு இனம்.

மூத்தகுடி: இடத்தை எழுதியதை முதலில் அழியுங்க. நாளைக்கே பிடிக்க ஆள் வரும்.

குண்டக்கல்_ஜங்ஷன்: மர டிப்போவுக்கா? காட்டின் இடத்தை மறைப்பது சரி. மெட்டாலிகா மிக அருகிய இனம், அறியப்பட்ட பரப்பே 100 சதுர கிலோமீட்டருக்குள். லோடு எங்கே வெட்டினது என்று தெரிந்தால் அதைத்தான் மறைக்கணும். டிப்போவை மறைத்தால் வனத்துறைக்குக் கூட யாரும் சொல்ல மாட்டாங்க.

மூத்தகுடி: வியாபாரிக்கு டிப்போதான் நூல் நுனி. லாரிக்காரரிடம் கேட்டால் காடு தெரிந்துவிடும்.

கூண்டுக்குள்ளே: வெளிநாட்டில் கூண்டில் குஞ்சு பொரித்தே விற்கிறாங்க, காட்டில் பிடிக்கிற தேவை குறைஞ்சிருக்கு.

குண்டக்கல்_ஜங்ஷன்: அப்படியானால் 2019இல் மொத்தப் பேரினத்தையும் சைட்டிஸ் (அருகும் உயிரின வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் ஏன் சேர்த்தாங்க? கூண்டுக் குஞ்சுகள் காட்டுக்குத் திரும்பப் போவதில்லை. அங்கே பொந்துள்ள கிழமரம் விறகாகிறதே, அதுக்கு உங்க கூண்டு என்ன செய்யும்?

எட்டுக்கால்: சண்டையை வேறு இழையில் போடுங்க. ஓட்டைவீடு, அறுக்கிறவங்களிடம் சொல்லிடுங்க: பொந்தில் கைவிட வேண்டாம். மின்னல் வேகம், கடித்தால் தசைப்பிடிப்பு கடுமையாக இருக்கும், நாள்கணக்கில் நீடிக்கலாம். விஷமுறி மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியில் வலிக்கும் பிடிப்புக்கும்தான் பார்ப்பாங்க. பொந்துள்ள கட்டையை அறுக்காமல் நிழலில் தனியாக வைத்து வனத்துறையைக் கூப்பிடுங்க.

ஓட்டைவீடு: வெளிர் பட்டை இருக்கு. 14 செ.மீ. பகலில் பார்த்தால் நீலமே இல்லை, சாம்பல். ரெண்டு கட்டையை ஒதுக்கியாச்சு. நன்றி.

எட்டுக்கால்: ரெகாலிஸ். அந்த ரெண்டில் பொந்து எதில்? வாயில் வலை புனல்போல் இருக்கா?

மூத்தகுடி: இடத்தை இன்னும் அழிக்கவில்லை.

குண்டக்கல்_ஜங்ஷன்: பட்டையின் படம் வராதவரை நான் ஒத்துக்க மாட்டேன்.