புதுப்பிப்பு: முதுகெலும்புக் கட்டியைச் சூட்டால் எரிக்கும்போது நரம்பைக் காப்பது

போன பதிவில் நரம்புக்கும் கட்டிக்கும் நடுவே திரவம் செலுத்தித் தள்ளிவைக்கலாம் என்று மட்டும் எழுதியிருந்தேன். எந்தத் திரவம் என்று ராயபுரத்திலிருந்து டெக்னீஷியன் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது இது.

ரேடியோ அலை முறை (ஊசி வழியே மின்சாரம் செலுத்திக் கட்டியைச் சுடுவது) என்றால் 5% டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரை நீர்தான். சலைன் கூடவே கூடாது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், எரியும் பகுதி நரம்பு வரைக்கும் பரவிவிடும். 100 மில்லிக்கு 2 மில்லி அயோடின் கான்ட்ராஸ்ட் (ஸ்கேனில் தெரியவைக்கும் மருந்து) கலந்தால் திரவம் எங்கே நிற்கிறது என்று சிடி ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். தண்டுவடம் பக்கத்திலேயே இருப்பதால் அதற்கு ஏற்ற, அயனியற்ற கான்ட்ராஸ்டாகப் பாருங்கள்.

ஒருமுறை செலுத்தினால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. திரவம் வடிந்துவிடும், தானும் சூடேறும். கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தை இன்னும் நன்றாகத் தடுக்கும், ஆனால் சீக்கிரம் கசியும். அதனால் நரம்பு வெளியேறும் துளையில் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் மெல்லிய கம்பி) முனை கட்டாயம். 45 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நரம்புக்கு ஆபத்து. 42-லேயே நிறுத்திக் குளிர்ந்த டெக்ஸ்ட்ரோஸ் விடுங்கள். சூட்டுக்குப் பதில் குளிரால் கட்டியை உறையவைக்கும் முறையில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள்.

முள்ளெலும்பின் பின்சுவர் அரித்துப்போயிருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். முழு எலும்பு ஓரளவு வெப்பத்தைத் தடுக்கும், ஓட்டை தடுக்காது.

லேசான மயக்கத்தில் இருப்பவரிடம் "கால் விரலை ஆட்டுங்க" என்று கேட்டுக்கொண்டே இருங்கள். நம்ம பக்கத்து ஆட்கள் "காலு ஜிவ்வுனு இழுக்குது", "மரத்துப்போச்சு" என்பார்கள். அந்த நொடியே நிறுத்துங்கள், தெர்மோகப்பிள் 38 காட்டினாலும்.